மேடானில் மணி பார்த்துச் சாப்பிட வேண்டும்

மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "பினாங்குக்கு வருகிறோம், அப்படியே மூன்று நாள் இந்தோனேசியாவின் மேடானையும் பார்த்துவிடலாம் என்று இருக்கிறோம். தெருச் சாப்பாடு எந்தக் கடையில் நன்றாக இருக்கும்? கணவர் மாட்டுக்கறி தொடமாட்டார். நான் முட்டை வரைக்கும்தான்."

நான் பிறந்தது மேடானில், மாரியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. கல்யாணமாகிப் பினாங்கு வந்து பல வருஷமாகிறது. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அம்மாவைப் பார்க்கப் போவேன். அம்மாவைப் பார்க்க என்று சொல்லிக்கொள்வது, அவ்வளவுதான். விமானம் இறங்கும்போதே மனசு லொந்தோங் கடைக்குப் போய்விடும்.

எந்தக் கடை என்று கேட்டீர்கள். அதைவிட எத்தனை மணிக்கு என்று கேட்பதுதான் மேடானில் பலன் தரும். எங்கள் தெருமுனையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு அங்கே ஓர் அக்கா மேஜை போட்டு லொந்தோங் விற்பார். பத்து மணிக்குப் பாத்திரம் காலி, மேஜையை மடித்து வீட்டுக்குப் போய்விடுவார். மாலை நான்கு மணிக்கு அதே இடத்தில் வாழைப்பழம் பொரிக்கிற வண்டி வரும். எட்டு மணிக்கு மேல் சாத்தே புகை, கறியைக் குச்சியில் குத்திச் சுடுவது. மூன்று பேருக்கும் பெயர்ப்பலகை கிடையாது. கூகுள் மேப்பைப் பிடித்துக்கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே போய் நின்றால் ஒரு பூனைதான் படுத்திருக்கும்.

முதலில் சில சொற்கள், இல்லையென்றால் வழி தவறிவிடுவீர்கள். இந்தோனேசியா முழுக்கச் சந்தைக்குப் 'பாசார்' என்று பெயர். மேடானில் சந்தை என்றால் 'பாஜாக்'. மற்ற ஊர்களில் பாஜாக் என்றால் வரி! மேடான்காரர் 'பாசார்' என்று சொன்னால் அது பெரிய சாலை. ஜாவாவில் 'கெரேத்தா' ரயில், எங்களுக்கு மோட்டார் பைக். 'மோட்டோர்' என்றால் கார். பினாங்கில் 'மாமாக்' என்றால் சாப்பாட்டுக்கடை நடத்தும் தமிழ் முஸ்லிம், மேடானில் அம்மாவையே 'மாமாக்' என்றுதான் கூப்பிடுவோம். "மாமாக் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று பினாங்கு நினைப்பில் கேட்டால், "உன் வீட்டில்தான்" என்று பதில் வரும். கடைக்கு மட்டும் கவலையில்லை. 'கெடாய்', நம்ம கடையேதான்.

சரி, காலைக்கு வருவோம்.

முதல் நாள் காலை லொந்தோங் சாப்பிடுங்கள். அரிசியை வாழையிலைக் குழாயில் அடைத்து, மணிக்கணக்கில் வேகவைத்து எடுத்தால் உருளையாக இறுகிவிடும், அதுதான் லொந்தோங். ஜாவாவிலும் இது உண்டு. மேடான் லொந்தோங்கின் விசேஷம் மேலே விழுகிற சரக்கில். எங்கள் தெரு அக்காவின் கையைப் பலமுறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உருளையை இலையோடு இடது கையில் பிடித்து, கத்தியால் நேராகத் தட்டுக்குள்ளேயே வில்லைகளாக அரிந்து தள்ளுவார். அதன்மேல் சௌசௌவும் பிஞ்சுப் பலாவும் கிடக்கிற தேங்காய்ப்பால் குழம்பு. பக்கத்தில் ஒரு பிடி வறுத்த சேமியா. அப்புறம் தாவ்ச்சோ. புளிக்கவைத்த சோயா மொச்சையைப் பச்சை மிளகாயோடு வதக்கியது இது. இது இல்லாத லொந்தோங்கை மேடான்காரர் லொந்தோங் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதன்மேல் நெத்திலியும் வேர்க்கடலையும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்த சம்பால், வறுத்த தேங்காய்ப்பூ, மிளகாய்ச் சாந்தில் புரட்டிய முட்டை, கடைசியில் சிவப்பு அப்பளத்தை இரண்டாக ஒடித்துக் குத்திவைப்பார். எண்ணி ஒரு நிமிஷம் ஆகாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி, எந்தக் கரண்டியும் இடம் மாறாது.

முதல் வாய் இனிக்கும், இரண்டாவது வாயில் புளிப்பு, மூன்றாவதில் காது சூடாகும். கலக்கிச் சாப்பிடாதீர்கள். ஓரத்திலிருந்து ஒன்றொன்றாகத் தொட்டுச் சாப்பிடுவதுதான் ருசி. அப்பளம் குழம்பில் பாதி ஊறியபோது எடுத்துவிட வேண்டும், முழுக்க ஊறினால் போச்சு. தனியாக ஒரு கடைப் பெயர் வேண்டுமென்றால், சிக் டிட்டிரோ சாலையில் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருக்கும் காக் லின் கடை வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்தது. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் பேட்டையிலும் காலை ஏழு மணிக்குப் பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்கிற மேஜை ஏமாற்றாது.

லொந்தோங் வேண்டாமென்றால் மீ பாலாப். பாலாப் என்றால் பந்தயம். பெரிய இரும்புச் சட்டியில் அவ்வளவு வேகமாகப் புரட்டி எடுப்பார்கள். அலுவலகம் போகிறவர்களின் காலை உணவு, அதற்கு மேல் அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மீ கோமாக் வேறு சங்கதி. அதைத் தேடிப்போய்ச் சாப்பிடலாம். இது தோபா ஏரிப் பக்கத்துப் பாத்தாக் மக்களின் நூடுல்ஸ். ஈர்க்குச்சி மாதிரி நேராக, தடியாக இருக்கும். கோமாக் என்றால் கையால் அள்ளுவது. அந்தக் காலத்தில் கையாலேயே அள்ளிப் பிசைந்து கொடுத்ததால் வந்த பெயர். இதில் போடுகிற அந்தாலிமான் என்ற சின்னப் பச்சைக் காய்தான் முக்கியம். பார்வைக்குப் பச்சை மிளகுக் கொத்து. சீனர்களின் சிச்சுவான் மிளகுக்கு உறவுக்காரன். கடித்தால் எலுமிச்சை வாசம் வரும், பின்னாலேயே நாக்கு மரத்து நுனியில் சின்ன மின்சாரம் ஓடும். பாஜாக்கில் பாத்தாக் பெண்கள் கூடையில் வைத்து விற்பார்கள். அவர்களை 'இனாங்' என்று கூப்பிடுங்கள், அம்மா என்ற மரியாதை அதில் இருக்கிறது. குரல் உரக்க இருக்கும், சண்டை போடுகிற மாதிரி. சண்டை இல்லை, பேச்சே அப்படித்தான்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். அப்போது கெசாவான் பக்கம் போய்விடுங்கள். பழைய டச்சுக் கட்டடங்கள், சீன வணிகர் சோங் ஆ ஃபீயின் மாளிகை எல்லாம் அந்தச் சாலையில்தான். அங்கேயே 1934 முதல் இருக்கிற டிப் டாப் உணவகத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடலாம். அதைத் தெருச் சாப்பாடு என்று சொல்ல முடியாது, ஆனால் மின்விசிறிக்கடியில் உட்கார இடம் வேண்டாமா? பக்கத்தில் ஹிந்து சாலை என்றே ஒரு தெரு இருக்கிறது. அதில் ஆபெக் காப்பிக்கடை 1922 முதல் நடக்கிறது. காப்பி கறுப்பு, அடியில் தூள் தங்கும், கடைசி மடக்கை விட்டுவிட வேண்டும். கும்பகோணம் டிகிரி காப்பியை மனசில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். வேறு பானம் என்று நினைத்துக் குடியுங்கள்.

மதியத்துக்குச் சோத்தோ. சோத்தோ என்பது இந்தோனேசியா முழுக்க இருக்கிற ரசம் மாதிரியான கறிச்சாறு. ஜாவாவில் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், மேடானில் தேங்காய்ப்பால் ஊற்றி மஞ்சளாகக் கொழகொழவென்று செய்வார்கள். கறியைப் பொரித்துத் துண்டுகளாகத் தனியே போடுவார்கள், உள்ளே ஓர் உருளைக்கிழங்கு வடை கிடக்கும். கோழியா, இறாலா, மாடா என்று கேட்பார்கள். உங்கள் கணவர் இங்கே வாயைத் திறந்து "ஆயாம்" என்று சொல்ல வேண்டும், அதுதான் கோழி. மாட்டுக்கு மேடானில் 'லெம்பு' என்போம், 'சாப்பி' என்றாலும் புரியும். சில கடைகளில் கோழிச் சோத்தோவுக்கும் மாட்டெலும்புச் சாறு ஊற்றுவது உண்டு. அதனால் "குவா லெம்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குவா என்றால் சாறு. கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆளுக்கொரு சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருக்கிற ஊர் அது, கேள்விகள் பழகிப்போனவை.

இந்த இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. பலகையில் 'பி.பி.கே.' என்ற மூன்று எழுத்து இருந்தால் அது மலைப்பக்கத்துக் காரோ மக்களின் சுட்ட பன்றிக்கறிக் கடை. 'பி2' என்றால் பன்றி. 'பி1' என்றால் நாய். பாத்தாக் மொழியில் நாய்க்குப் 'பியாங்', அதில் பி ஒன்றுதான்; பன்றிக்குப் 'பாபி', அதில் இரண்டு. இது சங்கேதம் இல்லை, ஊருக்கே தெரிந்த கணக்கு. தெரியாமல் நுழைகிறவர் வெளியூர்க்காரர் மட்டும்தான்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய பள்ளிவாசல் பக்கம் போங்கள். அல் மஷுன் பள்ளிவாசல், 1909-இல் கட்டி முடித்தது, டெலி என்ற இந்த வட்டாரத்தை ஆண்ட சுல்தானின் மைமூன் அரண்மனையும் அங்கிருந்து நடக்கிற தூரம். பள்ளிவாசலுக்கு எதிரே ஸ்ரீ டெலி பூங்காவும் ஒரு குளமும் இருக்கின்றன. அந்தக் குளத்தை ஒட்டியதால் அங்கே விற்கிற ரூஜாக்குக்கு 'ரூஜாக் கோலாம்' என்றே பெயர். மாங்காய், அன்னாசி, வெள்ளரி, ஜம்பு எல்லாம் துண்டுபோட்டு, மேலே மசாலா. அந்த மசாலாவை அரைப்பதை அருகில் நின்று பார்க்க வேண்டும். அகலமான கல்லில் மிளகாய், உப்பு, கருப்பட்டி, புளி, வறுத்த கடலை, கூடவே கொட்டை நிறைந்த துவர்ப்பு வாழைப்பிஞ்சு ஒரு துண்டு. அந்தப் பிஞ்சுதான் வயிற்றைக் காப்பாற்றும் என்று என் பாட்டி சொல்வார். உண்மையோ என்னவோ, துவர்ப்பு இல்லாவிட்டால் இனிப்பு திகட்டிவிடும் என்பது மட்டும் நிச்சயம். நீங்கள் "ஜாங்ஙான் பாக்கே பெலாச்சான்" என்று சொல்லுங்கள். பெலாச்சான் என்பது இறால் சாந்து, சொல்லாவிட்டால் போட்டுவிடுவார்கள்.

அங்கேயே குடிக்க மார்த்தாபே ஜூஸ் கேளுங்கள். மார்க்கிசா என்ற பாஷன் பழமும், தெரோங் பெலாண்டா என்ற மரத்தக்காளியும் கலந்தது. இரண்டும் பெராஸ்தாகி மலைப்பக்கத்திலிருந்து வருகின்றன. அடர் சிவப்பு, புளிப்பு, ஒரு மணி நேரத்துக்குத் தாகம் எடுக்காது. மார்த்தாபே என்பது இரண்டு பழங்களின் பெயரையும் வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறதல்லவா? அதே சொல் வடசுமாத்ராவில் ஓர் அரசாங்க முழக்கமாகவும் இருந்தது. 'அவரவர் ஊரை அவரவர் சீர்செய்வோம்' என்ற பாத்தாக் வாசகத்தின் சுருக்கம். எங்கள் ஊரில் முழக்கத்தைக் கடைசியில் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டோம்.

பொழுது சாயும் நேரத்தில் அறையில் அடைந்து கிடக்காதீர்கள். தெருவில் ஒரு மெல்லிய விசில் சத்தம் கேட்கும், நிற்காமல், கொதிக்கிற கெட்டில் மாதிரி. அதுதான் பூத்து பம்பு வண்டி. பம்பு என்றால் மூங்கில். தகரப் பெட்டிக்குள் தண்ணீர் கொதிக்கும், மேல்மூடியில் சின்ன ஓட்டைகள், அதில் ஒன்றிலிருந்து வருகிற ஆவிதான் அந்த விசில். விரல்நீள மூங்கில் குழாயில் பாதி அரிசி மாவு, நடுவே பொடித்த கருப்பட்டி, மேலே மறுபடி மாவு. ஓட்டைமேல் நிறுத்திவைப்பார். கொஞ்ச நேரத்தில் ஆவி குழாய் வழியே ஏறிவிடும். குச்சியால் பின்னாலிருந்து தள்ளினால் இலைமேல் பொத்தென்று விழும், மேலே உப்புப் போட்ட தேங்காய்த் துருவல். நம் குழாய்ப்புட்டு தான், பெயரும் அதுவேதான், கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. மாவைப் பந்தான் என்கிற ரம்பை இலைச் சாறு விட்டுப் பச்சையாக்குவார்கள். சூட்டோடு சாப்பிட வேண்டும், உருகிய கருப்பட்டி நாக்கைச் சுட்டாலும் பரவாயில்லை. ஆறினால் கல். உங்களுக்கு முட்டைகூட இல்லாத பலகாரம் இது, தைரியமாக ஒரு டஜன் வாங்கலாம்.

இரவுக்கு எங்கள் பேட்டை. கம்போங் கெலிங் என்று பழைய பெயர். தென்னிந்தியர்களைக் குறிக்கும் 'கெலிங்' என்ற சொல் இழிவாக ஒலிப்பதால் இப்போது கம்போங் மட்ராஸ் என்கிறார்கள், வாய் மட்டும் இன்னும் பழையதையே சொல்கிறது. 1863-இல் டச்சுக்காரர் நீன்ஹாய்ஸ் டெலிக்கு வந்து புகையிலைத் தோட்டம் போட்ட பிறகு, சீனர்களோடும் ஜாவாக்காரர்களோடும் தமிழர்களையும் கப்பலில் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் அதிகமும் சாலை போட்டார்கள், மாட்டுவண்டி ஓட்டினார்கள். 1884-இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. அந்தக் கோயிலைச் சுற்றிய தெருக்கள்தான் எங்கள் உலகம்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் பகாருயுங் சாலை. மாலையில் உயிர்பெற்று நள்ளிரவு தாண்டியும் நடக்கும். ஒரு வண்டியில் ரொட்டி சானே தட்டுவார்கள், அடுத்ததில் மேற்குச் சுமாத்ராவின் மினாங் மக்களுடைய சாத்தே பாடாங், எதிரே சீனர் நூடுல்ஸ், முனையில் வேகவைத்த சிப்பி. ஒரு மேஜையில் உட்கார்ந்துகொண்டு நான்கு வண்டியிலிருந்தும் வரவழைக்கலாம். ரொட்டி சானே நம்ம பரோட்டாவின் தம்பி. மாவை எண்ணெயில் ஊறவைத்து, வீசி, காகிதம் போல விரித்து மடிப்பார்கள். தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறிக் குழம்பு. நீங்கள் சர்க்கரை தூவி வாங்கிக்கொள்ளுங்கள். 'டால்ச்சா' என்று பருப்பு இருப்பதாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் அதில் எலும்பு கிடக்கும்.

சாத்தே பாடாங் கணவருக்கு ஆகாது, மாட்டு நாக்கும் கறியும்தான் வழக்கம். கோழியில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அவருக்கு நான் சொல்வது வேகவைத்த சிப்பி, 'கெராங் ரெபுஸ்'. கடலையும் அன்னாசியும் அரைத்த காரமான சாந்தைத் தொட்டுக்கொண்டு, ஓட்டைப் பிளந்து பிளந்து சாப்பிடுவது. ஆனால் ஒன்று: ஓடு கொதிக்கக் கொதிக்க வர வேண்டும். ஒரு தடவை வேறொரு தெருவில், பசி தாங்காமல், வெதுவெதுப்பாக வந்த தட்டைத் திருப்பி அனுப்பாமல் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்துக்கிடந்தேன். அம்மா கஞ்சியும் திட்டும் மாறி மாறிக் கொடுத்தார். கூட்டம் இல்லாத சிப்பி வண்டிப் பக்கம் போகவே போகாதீர்கள்.

பகாருயுங்கில் வயதான கடைக்காரர்களிடம் தமிழில் பேசிப்பாருங்கள். பலருக்கும் முகம் மலர்ந்துவிடும். இளையவர்களுக்குப் புரியும், பதில் மட்டும் இந்தோனேசிய மொழியில் வரும். எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான், என் அண்ணன் பிள்ளைகளுக்கு 'கறிவேப்பிலை' என்ற சொல் தெரியாது, 'டாவுன் காரி' என்றுதான் தெரியும். ஆனால் அது இல்லாத குழம்பைத் தொட மாட்டார்கள். சீனர்களும் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுண்டு. மங்குபூமி சாலைப் பக்கம் காரி பிஹூன் என்று ஒன்று கிடைக்கும், மெல்லிய அரிசிச் சேமியாமேல் கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. சமைப்பவர் சீனர், வாசனை எங்கள் பாட்டி வீட்டு ஞாயிற்றுக்கிழமை.

நீங்கள் நோன்பு மாதத்தில் வருவதாக இருந்தால் இந்தப் பதிலில் பாதியைக் கிழித்துப்போட்டுவிடலாம், பகல் கடைகள் பல திரைபோட்டு மூடியிருக்கும். அதற்குப் பதிலாக ஒன்று கிடைக்கும். ஜைனுல் அரிஃபின் சாலையில் தென்னிந்திய முஸ்லிம்களின் கௌதியா பள்ளிவாசல் இருக்கிறது. நோன்பு திறக்கும் நேரத்துக்கு அங்கே காய்ச்சுவதை ஊரார் 'பூபூர் இந்தியா' என்பார்கள். குழந்தையில் நாங்களும் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றிருக்கிறோம், இந்துப் பிள்ளைகள் என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை. நம்ம நோன்புக் கஞ்சியேதான், பட்டையும் ரம்பை இலையும் மணக்கும்.

துரியனைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. மேடான்காரர் இரவு பத்து மணிக்கு மேல்தான் துரியன் சாப்பிடப் போவார்கள். சிடிக்காலாங் பக்கத்துப் பழம் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். உச்சோக் துரியன் கடை ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் போகிற இடம், நல்ல பழம் இல்லையென்றால் மாற்றித் தருவார்கள். எங்கே போனாலும் பிளப்பதற்கு முன்னாலேயே விலை பேசிவிடுங்கள். சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்தபின் கேட்டால் கடைக்காரர் உங்கள் செருப்பைப் பார்த்து விலை சொல்வார். எனக்கே ஒருமுறை நடந்தது, பினாங்கு வாடையோடு பேசினேன் போலிருக்கிறது. ஊர்ப் பேச்சுக்கு மாறிய பிறகுதான் விலை இறங்கியது. பழத்தை விடுதிக்குக் கொண்டுபோகாதீர்கள், அபராதம் போடுவார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது மஜாபாஹித் சாலையில் பிகா அம்போன் வாங்கிக்கொள்ளுங்கள், தெரு முழுக்க அந்தக் கடைகள்தான். அம்போன் தீவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, முழுக்க மேடான் பலகாரம். மரவள்ளி மாவு, முட்டை, தேங்காய்ப்பால், எலுமிச்சை இலை. அந்தக் காலத்தில் ஆப்பத்துக்கு மாவு புளிக்கக் கள் ஊற்றினார்களே, அதே மாதிரி இதற்கும் பனங்கள் ஊற்றிப் புளிக்கவைத்தார்கள், இப்போது பெரும்பாலும் ஈஸ்ட். வெட்டிப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி செங்குத்தாகக் கண்கண்ணாக இருக்க வேண்டும். கண் இல்லாமல் கேக் மாதிரி மொத்தையாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள். அன்று சுட்டதா என்று கேட்டு வாங்கினால் மூன்று நாள் தாங்கும், மதுரை வரை வந்துவிடும். கூடவே பாஜாக்கில் கால் கிலோ மேடான் நெத்திலிக் கருவாடு உங்கள் கணவருக்கு. மூன்று பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். நான் ஒருமுறை ஒரே பையில் கட்டிக்கொண்டு வந்து, பெட்டியிலிருந்த பட்டுப்புடவையை நான்கு தடவை வெயிலில் போட வேண்டியதாயிற்று.